குட்டி யானையை வாடகைக்கு எடுப்பதா, டியூ போட்டு வாங்குவதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தண்ணீர் கேன் போடுகிறவர், காய்கறி ஏற்றுகிறவர், பந்தல் போடுகிறவர், கேட்டரிங் செய்கிறவர், லோடு ஓட்டியே பிழைக்க நினைக்கிறவர் என்று சொந்தத் தொழிலுக்குச் சின்ன சரக்கு வண்டி தேடுபவர்களுக்காக இதை எழுதுகிறேன். டாடா ஏஸ், தோஸ்த், சூப்பர் கேரி, பொலேரோ பிக்கப் என எந்த வண்டியாக இருந்தாலும் யோசிக்கும் முறை ஒன்றுதான். தமிழ்நாட்டு நடைமுறையை வைத்துச் சொல்கிறேன். கணக்குகளில் வரும் வண்டி விலை, வாடகை எல்லாம் எடுத்துக்காட்டுக்கு. அங்கே உங்கள் ஊர் ரேட்டைப் போட்டுக்கொள்ளுங்கள்.

லீஸ் என்று சொல்கிறார்களே, தனி ஆளுக்கு அது கிடைக்குமா?

முறையான நிறுவன லீஸ் பெரும்பாலும் பத்து, இருபது வண்டி எடுக்கும் கம்பெனிகளுக்குத்தான். ஒற்றை வண்டிக்காரருக்குக் கிடைப்பது இரண்டு வகை வாடகை. ஒன்று, தேவைப்படும் நாளில் டிரைவரோடு வண்டியைக் கூப்பிடுவது. மற்றது, தெரிந்த ஓனரிடம் வண்டியை மட்டும் நாள் கணக்கிலோ மாதக் கணக்கிலோ எடுத்து, டீசலும் ஓட்டுவதும் நம் பொறுப்பு என்று வைத்துக்கொள்வது. இந்த இரண்டாவதைத்தான் ஊரில் லீஸ் என்கிறார்கள். கீழே வாடகை என்று நான் சொல்வதும் இதைத்தான்.

மாதம் எத்தனை நாள் ஓடினால் வாங்குவது லாபம்?

எல்லோரும் முதலில் கேட்பது "டியூ எவ்வளவு வரும்?" என்பதை. அதற்கு முன்னால் கேட்க வேண்டியது இந்தக் கேள்வி. வண்டி வீட்டு வாசலில் சும்மா நிற்கும் நாளுக்கும் டியூ உண்டு, வாடகை கிடையாது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே அதுதான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆன்-ரோடு விலை 7 லட்சம். கையிலிருந்து 1 லட்சம், கடன் 6 லட்சம், நான்கு வருடம். மாத டியூ 16,500 ரூபாய். இன்சூரன்ஸ் மாதத்துக்குப் பிரித்தால் சுமார் 2,500. டயர், சர்வீஸ், பேட்டரி, எஃப்சி (வண்டி ஓடத் தகுதியானது என்று ஆர்டிஓ தரும் சான்று) செலவுக்கு மாதம் 4,000 ஒதுக்குங்கள். புது வண்டிக்கு முதல் வருடம் இவ்வளவு ஆகாது, மூன்றாம் வருடம் கூடுதலாகவே ஆகும். ஆக மாதம் 23,000.

வாடகை நாளுக்கு 1,200 என்று வைத்துக்கொண்டால், 23,000 ரூபாய்க்கு 19 நாள் ஓட்டலாம். ஆனால் சொந்த வண்டி நான்கு வருடம் கழித்து இரும்பாகப் போய்விடாது. அதை இரண்டரை லட்சத்துக்கு விற்க முடிந்தால், நீங்கள் போட்ட 1 லட்சத்தைக் கழித்து மீதி ஒன்றரை லட்சம். அதை 48 மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 3,125 திரும்பி வருகிறது. அப்படியானால் உண்மையான மாதச் செலவு ஏறக்குறைய 19,900; நாள் கணக்கில் 17.

மாதம் 17 நாளுக்குக் குறைவாக ஓடினால் வாடகை, அதற்கு மேல் உறுதியாக ஓடினால் சொந்த வண்டி. டீசலை இதில் சேர்க்கவில்லை. இரண்டு வழியிலும் அதைப் போடப்போவது நீங்கள்தான்.

மாதம் இருபது நாள் ஓடும் என்று நினைக்கிறேன். போதாதா?

நினைப்பை வைத்து நான்கு வருடத்துக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். நல்ல மாதத்தை மனதில் வைத்துத்தான் எல்லோரும் கணக்குப் போடுகிறோம். வீடு மாற்றும் லோடு ஆடியிலும் மார்கழியிலும் விழுந்துவிடும். பந்தல், சமையல் பாத்திரம் ஏற்றுகிறவருக்கு வைகாசியும் ஆவணியும் தூங்க விடாது, புரட்டாசியில் ஸ்டாண்டில் உட்கார்ந்து பேப்பர் படிக்க வேண்டியிருக்கும். காய்கறி லோடு அப்படியில்லை. ஒட்டன்சத்திரத்திலிருந்தோ மாட்டுத்தாவணியிலிருந்தோ கடைகளுக்கு ஏற்றுகிறவருக்கு வருடம் முழுக்க ஓட்டம் உண்டு, ஆனால் லோடுக்கான கூலி இழுத்துப் பிடித்துத்தான் கிடைக்கும்.

என் யோசனை: மூன்று மாதமாவது வாடகை வண்டியில் ஓட்டுங்கள், அதில் ஒரு மந்தமான மாதமும் வரட்டும். ஒரு நோட்டில் தினமும் நான்கு விஷயம் எழுதுங்கள். போன கிலோமீட்டர், ஏற்றிய எடை, கைக்கு வந்த பணம், திரும்பும்போது லோடு இருந்ததா இல்லையா. இந்தக் கடைசி விஷயத்தை யாரும் எழுதுவதில்லை. போகும்போது ஏற்றி, வரும்போது காலியாக வருகிற வண்டிக்கு, லோடுக் கூலியில் பெரும்பங்கு டீசலுக்கே போய்விடும். அந்த நோட்டைப் பார்த்தாலே எந்த சைஸ் வண்டி வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். 700 கிலோவுக்கு மேல் ஏற்றாத ஆள் ஒன்றரை டன் பிக்கப்புக்கு டியூ கட்டுவதை நிறையப் பார்க்கிறேன்.

எட்டு சதவீத வட்டிதான் என்கிறார்கள். நல்ல ரேட் அல்லவா?

அது ஃபிளாட் ரேட்டா, குறையும் நிலுவைக்கான வட்டியா என்று உடனே கேளுங்கள். மேலே சொன்ன 16,500 டியூ வந்ததே 8 சதவீத ஃபிளாட்டில்தான். 6 லட்சத்துக்கு வருடம் 48,000, நான்கு வருடத்துக்கு 1,92,000. மொத்தம் 7,92,000ஐ 48ஆல் வகுத்தால் 16,500. மாதாமாதம் அசலைத் திருப்பிக் கட்டிக்கொண்டே வந்தாலும், கடைசி மாதம் வரை முழு 6 லட்சத்துக்கும் வட்டி போடுகிறார்கள். குறையும் நிலுவையில் பார்த்தால் இது 14 சதவீதத்தைத் தாண்டுகிறது. பக்கத்து வங்கி 11 சதவீதம் குறையும் நிலுவை என்று சொன்னால், கேட்க அதிகமாகத் தெரியும், ஆனால் அதுதான் மலிவு.

இதைக் கண்டுபிடிக்க நீங்கள் கணக்குப் புலியாக இருக்க வேண்டியதில்லை. 2024 அக்டோபர் முதல், வங்கியோ ஃபைனான்ஸ் கம்பெனியோ தனிநபருக்கோ சிறு தொழிலுக்கோ கடன் கொடுக்கும்போது முக்கிய விவரத் தாள் ஒன்றைத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. கீ ஃபேக்ட் ஸ்டேட்மென்ட் என்று கேளுங்கள். பிராசசிங் கட்டணம் உட்பட எல்லாம் சேர்ந்த ஆண்டு வட்டி ஏபிஆர் என்று அதில் ஒரே எண்ணாக இருக்கும். கடன் வாங்குகிறவருக்குப் புரிகிற மொழியில் அந்தத் தாள் இருக்க வேண்டும் என்பதும் விதியில் உண்டு. இரண்டு இடத்துத் தாளைப் பக்கத்தில் வைத்து அந்த எண்ணை மட்டும் பாருங்கள். கூடவே, முன்கூட்டியே அடைத்தால் எவ்வளவு பிடிப்பார்கள் என்பதையும் கேளுங்கள். வண்டிக் கடன் பெரும்பாலும் மாறாத வட்டி என்பதால் அந்தக் கட்டணம் இருக்கும்.

கையில் இருப்பதை எல்லாம் முன்பணமாகப் போட்டுவிடலாமா?

வேண்டாம். மூன்று டியூவுக்கான பணத்தைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு மீதியைப் போடுங்கள். கிளட்ச் போய் ஒரு வாரம் வண்டி பட்டறையில் நின்றால் வருமானமும் இல்லை, செலவும் வரும், டியூ தேதியும் வரும்.

முத்ரா கடனில் வண்டி வாங்கலாமா?

வாங்கலாம். சரக்கு ஏற்றும் வண்டி அதில் அடங்கும். கிஷோர் பிரிவில் 5 லட்சம் வரை, தருண் பிரிவில் 10 லட்சம் வரை, சொத்து அடமானம் இல்லாமல். வாங்கும் வண்டியே கடனுக்கு ஈடாக ஆர்சியில் (பதிவுச் சான்றில்) பதிவாகும். கிளை மேலாளர் கேட்பது ஒன்றுதான்: வருமானம் வரும் என்பதற்கு என்ன ஆதாரம்? மூன்று மாத நோட்டும், லோடுக் கூலி ஜிபே வழியாக விழுந்த பேங்க் ஸ்டேட்மென்ட்டும் அந்த இடத்தில் உங்களுக்காகப் பேசும்.

புதுசா, பழசா?

2025 செப்டம்பர் 22 முதல் சரக்கு வண்டிகளுக்கு ஜிஎஸ்டி 28லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. புது வண்டி விலை இறங்கியதால், பழைய வண்டிக்கும் பழைய விலையைக் கொடுக்க வேண்டியதில்லை. பேரம் பேசும்போது இதைச் சொல்லுங்கள்.

எஃப்சி கணக்கையும் பாருங்கள். வண்டிக்கு எட்டு வயது ஆகும் வரை எஃப்சி இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, அதன் பிறகு வருடா வருடம். ஏழு வயது வண்டியை மலிவாக வாங்குகிறவர் அடுத்த வருடத்திலிருந்து ஆண்டுதோறும் பெயின்ட், டிங்கரிங், டயர் என்று எஃப்சிக்குத் தயார் செய்ய வேண்டும். நான்கு, ஐந்து வயது வண்டி, ஒரே ஓனர் கை, லோடு அதிகம் அடிக்காதது கிடைத்தால் எடுங்கள். லோடு அடித்ததா என்று கண்டுபிடிக்க, சமதளத்தில் நிறுத்திப் பின்னால் பத்தடி தள்ளிக் குனிந்து பாருங்கள். ஒரு பக்கம் சாய்ந்திருந்தாலோ, பின் பட்டை ஸ்பிரிங்கில் ஒரே ஒரு பட்டை மட்டும் புதுசாகப் பளபளத்தாலோ, பாடி அடித்தளத்தின் குறுக்குச் சட்டங்களில் வெல்டிங் தழும்பு இருந்தாலோ, செங்கல், ஜல்லி ஏற்றின வண்டி என்று எடுத்துக்கொள்ளலாம்.

"மீதி டியூவை மட்டும் கட்டிக்கொள், வண்டியை எடுத்துக்கொள்" என்று ஒருவர் தருகிறார். எடுக்கலாமா?

இதில்தான் நிறையப் பேர் சிக்குகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஓனர் டியூ கட்ட முடியாமல் திணறுகிறார். நீங்கள் ஐம்பதாயிரமோ எழுபதாயிரமோ கையில் கொடுத்து, மீதி டியூவைக் கட்டிக்கொண்டு வண்டியை ஓட்டுகிறீர்கள். ஆர்சி அவர் பெயரில், கடன் அவர் பெயரில். முத்திரைத் தாளில் ஓர் ஒப்பந்தம், இரண்டு சாட்சி.

ஃபைனான்ஸ் கம்பெனியின் கண்ணில் நீங்கள் யாருமே இல்லை. நீங்கள் ஒழுங்காகக் கட்டிய டியூவெல்லாம் அவர் கணக்கில்தான் வரவு. அவருக்கு அதே கம்பெனியில் வேறு பாக்கி இருந்தால், டியூ முடிந்தாலும் என்ஓசி (பாக்கி இல்லை, ஆட்சேபணை இல்லை என்ற சான்று) தராமல் இழுக்கலாம். வண்டியைப் பறிமுதல் (சீஸ்) செய்தால் உங்கள் ஐம்பதாயிரத்துக்கு அங்கே பதில் கிடையாது. பழைய ஓனருக்கும் இது ஆபத்துதான். 2018இல் நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில், ஆர்சியில் யார் பெயர் இருக்கிறதோ அவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அதில் வண்டி பல கை மாறியிருந்தது, பெயர் மட்டும் மாறவில்லை.

எடுத்தே ஆக வேண்டுமென்றால், இருவரும் சேர்ந்து ஃபைனான்ஸ் ஆபீசுக்குப் போய் கடனை உங்கள் பெயருக்கு மாற்றச் சொல்லுங்கள். உங்கள் சிபிலை (கடனை ஒழுங்காகக் கட்டிய வரலாற்றுக்கான மதிப்பெண்) பார்ப்பார்கள், கட்டணம் கேட்பார்கள், நாள் ஆகும். அதற்கு அவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் அந்த வண்டி வேண்டாம்.

மாத வாடகைக்கு எடுக்கும்போது எழுத்தில் என்னென்ன இருக்க வேண்டும்?

தெரிந்த அண்ணன்தானே என்று வாய்ப்பேச்சில் விடுவது வழக்கம். தெரிந்தவர் என்றால் இன்னும் நன்றாக எழுதிக்கொள்ளுங்கள், பழக்கம் கெடாமல் இருக்கும். வாடகை எவ்வளவு, எந்தத் தேதியில், அட்வான்ஸ் எவ்வளவு, எப்போது திரும்பி வரும், மாதத்துக்கு இத்தனை கிலோமீட்டர் என்று வரம்பு உண்டா. பிறகு, சண்டை வருகிற இடம்: ரிப்பேர். ஆயில், பஞ்சர், பல்பு ஓட்டுகிறவர் செலவு. இன்ஜின், கியர் பாக்ஸ், கிளட்ச், டயர் ஓனர் செலவு என்று பிரிப்பது நியாயம். வண்டி பட்டறையில் நிற்கும் நாளுக்கு வாடகை கழியுமா என்பதையும் எழுதுங்கள். டிராஃபிக் அபராதம் எந்தத் தேதிக்கு வந்ததோ அந்தத் தேதியில் ஓட்டியவர் கட்டுவது என்று ஒரு வரி போதும். ஆன்லைனில் வரும் அபராதம் ஓனர் போனுக்குத்தான் போகும், மாதம் கழித்துத்தான் உங்களிடம் சொல்வார்.

வண்டியைக் கையில் வாங்கும் அன்று பகல் வெளிச்சத்தில் சுற்றிலும் வீடியோ எடுங்கள். கிலோமீட்டர் மீட்டர், நான்கு டயரின் பட்டன் (எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று தெரிய), ஸ்டெப்னி, ஜாக்கி, பின்கதவின் கீல், கண்ணாடிக் கீறல். எடுத்ததை அங்கேயே நின்று ஓனருக்கு வாட்ஸப்பில் அனுப்புங்கள். தேதியும் நேரமும் தானாகப் பதிவாகிவிடும். ஆர்சி, இன்சூரன்ஸ், எஃப்சி, புகைச் சான்று நான்கிலும் தேதி ஓடுகிறதா என்று பாருங்கள். அரசின் பரிவாஹன் இணையதளத்தில் வண்டி எண்ணைப் போட்டே பார்க்கலாம்.

வாடகை வண்டியில் விபத்து நடந்தால் யார் பொறுப்பு?

அடிபட்ட மூன்றாம் நபருக்கு வண்டியின் தேர்டு பார்ட்டி இன்சூரன்ஸ் பேசும். அதனால்தான் அது ஓடுகிறதா என்று முதலில் பார்க்கச் சொன்னேன். அது காலாவதியாகியிருந்தால் இழப்பீடு ஓனர் தலையிலும் உங்கள் தலையிலும் விழும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 2(30) பிரிவின்படி, லீஸ் ஒப்பந்தத்தில் வண்டியைக் கைவசம் வைத்திருப்பவரே ஓனராகக் கருதப்படுவார். இதைப் படித்த பிறகு யாரும் இன்சூரன்ஸ் பார்க்காமல் வண்டி எடுக்க மாட்டார்கள்.

இன்னொன்று யாருக்கும் தெரிவதில்லை. பாலிசியில் ஓனர்-டிரைவருக்கு 15 லட்ச ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பு என்று இருக்கும். அது ஆர்சியில் பெயர் உள்ள ஓனர் ஓட்டும்போது அவருக்கு. வாடகைக்கு எடுத்து ஓட்டும் உங்களுக்கு அது கிடையாது. உங்கள் பெயரில் தனியாக ஒரு விபத்துப் பாலிசி போடுங்கள். ஒன்றுமே முடியாவிட்டாலும் வங்கிக் கணக்கில் வருடம் 20 ரூபாய் பிடிக்கும் பிரதம மந்திரி சுரக்ஷா பீமாவையாவது இன்றே போடுங்கள். அதில் 2 லட்சம் உண்டு. வீட்டில் உங்களை நம்பி இருப்பவர்களை நினைத்துச் சொல்கிறேன்.

லைசென்ஸ், பெர்மிட் எல்லாம்?

கார் ஓட்டும் எல்எம்வி லைசென்ஸ் போதும். மொத்த எடை 7,500 கிலோவுக்குள் உள்ள சரக்கு வண்டிக்குத் தனி அனுமதி வேண்டாம் என்று 2024 நவம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு உறுதிப்படுத்திவிட்டது. லோடோடு சேர்த்து மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டிக்குப் பெர்மிட்டும் தேவையில்லை. ஏஸ் அதற்குள் அடங்கும். பெரிய பிக்கப்பாக இருந்தால் ஆர்சியில் மொத்த எடையைப் பார்த்துவிடுங்கள்.

வீட்டில் வெள்ளை போர்டு (சொந்த உபயோகத்துக்குப் பதிவான) ஆம்னி இருக்கிறது. சீட்டைக் கழற்றிவிட்டு லோடு அடிக்கலாமா?

கூடாது. காசு வாங்கிக்கொண்டு ஏற்றும்போது விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி கை விரித்துவிடும்.

வருமான வரியில் எது லாபம்?

சொந்த வண்டிக்கு ஒரு நல்ல வசதி இருக்கிறது. 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் 44ஏஇ என்ற பிரிவு. புதிய சட்டத்தில் எண் மாறினாலும் ஏற்பாடு தொடர்கிறது. பத்து வண்டிக்கு மேல் இல்லாதவர், சின்ன சரக்கு வண்டி ஒன்றுக்கு மாதம் 7,500 ரூபாய் லாபம் என்று காட்டினால் போதும்; பில், நோட்டு எதுவும் வைக்கத் தேவையில்லை. ஒரு வண்டிக்கு வருடம் 90,000. வேறு பெரிய வருமானம் இல்லாதவருக்கு வரியே வராது. டியூ ஓடிக்கொண்டிருந்தாலும் நீங்கள்தான் ஓனர், அதனால் முதல் மாதத்திலிருந்தே பொருந்தும். வரி இல்லை என்றாலும் ரிட்டர்ன் போட்டுவிடுங்கள். அடுத்த வண்டிக்குக் கடன் கேட்கும்போது முதலில் கேட்பது அதைத்தான்.

இந்தப் பிரிவு லோடுக்கு வண்டி ஓட்டுகிறவருக்கு. சொந்தச் சரக்கை ஏற்றும் கேட்டரிங்காரரும் தண்ணீர்க்காரரும் வேறு வழியில் போகிறார்கள். வாங்கினால் தேய்மானத்தையும் கடன் வட்டியையும் செலவில் கழிக்கலாம். வாடகைக்கு எடுத்தால் வாடகையை அப்படியே கழிக்கலாம். ஜிஎஸ்டி பதிவு உள்ளவர் சரக்கு வண்டி வாங்கும்போது கட்டிய ஜிஎஸ்டியைப் பொதுவாகத் தன் விற்பனை வரியில் கழித்துக்கொள்ளலாம், காருக்கு இந்தச் சலுகை இல்லை. 18 சதவீதம் திரும்பி வருவது சின்ன விஷயமல்ல, பில்லில் உங்கள் ஜிஎஸ்டி எண்ணைப் போடச் சொல்லுங்கள்.

ஒரு கம்பெனி, வண்டியை அட்டாச் செய்தால் (ஒப்பந்தம் போட்டு அவர்களுக்கே ஓட்டினால்) மாதம் நிலையான பணம் என்கிறது. அதை நம்பி வாங்கலாமா?

எழுத்தில் எத்தனை மாதம் என்று இருக்கிறது? அதைப் பாருங்கள். டியூ 48 மாதம், ஒப்பந்தம் 11 மாதம் என்றால் மீதி 37 மாதம் உங்கள் சொந்த ரிஸ்க். வேலை இல்லாத நாளுக்குக் குறைந்தபட்ச கட்டணம் உண்டா, டீசல் விலை ஏறினால் ரேட் ஏறுமா, பணம் எத்தனை நாள் கழித்து வரும் என்று கேளுங்கள். 45 நாள் கழித்துப் பணம் வரும் என்றால், முதல் மாதமும் இரண்டாம் மாதமும் டீசலையும் டியூவையும் உங்கள் கையிலிருந்துதான் போட வேண்டும்.

எலக்ட்ரிக் வண்டி?

தினமும் ஒரே ரூட், ராத்திரி வீட்டிலேயே சார்ஜ் போட இடம் என்றால் யோசிக்கலாம். இதை மட்டும் வாங்குவதற்கு முன் வாடகைக்கே ஓட்டிப் பாருங்கள். பேட்டரிக்கு வயதான பிறகு பழைய எலக்ட்ரிக் வண்டி என்ன விலைக்குப் போகும் என்பதற்கு நம் ஊர்களில் இன்னும் சந்தை உருவாகவில்லை. மேலே போட்ட இரண்டரை லட்சக் கணக்கை அதற்கு அப்படியே போட முடியாது.

டியூ கட்ட முடியாமல் போனால்?

ஒளியாதீர்கள். முதல் டியூ தவறும் முன்பே கிளைக்குப் போய், காலத்தை நீட்டி மாதத் தொகையைக் குறைக்க முடியுமா என்று எழுதிக் கேளுங்கள். தாமதத்துக்கு அபராத வட்டி என்று வட்டிக்கு மேல் வட்டி ஏற்றக் கூடாது, நியாயமான ஒரு கட்டணம் மட்டுமே வாங்கலாம் என்பது 2024 ஏப்ரல் முதல் உள்ள ரிசர்வ் வங்கி விதி. அடியாட்களை விட்டு வண்டியைப் பிடுங்குவதை 2007இலேயே உச்ச நீதிமன்றம் கண்டித்திருக்கிறது. அப்படி யாராவது நடு ரோட்டில் மறித்தால் 100க்குக் கூப்பிடத் தயங்காதீர்கள். அதே சமயம், இரண்டு மூன்று டியூ தொடர்ந்து விழுந்து, மீள வழி தெரியவில்லை என்றால், ஏலத்துக்குப் போகும் முன் கம்பெனியின் அனுமதியோடு நீங்களே விற்றுக் கடனை அடையுங்கள். ஏலத்தில் கிடைப்பதைவிட நல்ல விலை வரும், சிபிலும் தப்பிக்கும்.

கடைசி டியூ கட்டியாயிற்று. அப்புறம்?

ஃபைனான்ஸிடம் என்ஓசியும் கையெழுத்திட்ட படிவம் 35ம் வாங்கி, ஆர்டிஓவில் கொடுத்து ஆர்சியில் உள்ள அடமானப் பதிவை நீக்குங்கள். என்ஓசியை பீரோவில் வைத்துவிட்டு மாதக்கணக்கில் மறந்துவிடாதீர்கள். நாள் கடந்தால் புதிதாக வாங்கச் சொல்வார்கள். இன்சூரன்ஸ் பாலிசியிலும் ஃபைனான்ஸ் பெயர் இருக்கும். அதையும் எடுக்கச் சொல்லி ஒரு மெயில் போடுங்கள், இல்லையென்றால் வண்டி மொத்தமாகச் சேதமாகி கிளெய்ம் வரும் நாளில் செக் அவர்கள் பெயருக்குப் போய் நிற்கும்.